கரிசலின் சொல்லும் தொழிலும்



சென்ற ஆவணி மாதத்தில் இந்தக் கோவில்பட்டியை அடுத்த ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு அப்பால் பாதி தூர்ந்து கிடந்த ஒரு கிணற்றையும், அதன் விளிம்பில் இன்னும் சாயாமல் நின்ற இரண்டு கல்தூண்களையும் காட்டி, அவை எதற்காக நிற்கின்றன என்று கேட்டேன். ஊஞ்சல் கட்டுவதற்கு என்றான் ஒரு பையன். முன்பு அங்கே கோயில் இருந்திருக்கும் என்றான் மற்றொருவன். கமலை என்ற சொல்லைச் சொன்னேன். ஒரு பெண்ணின் பெயர் என்றார்கள். கூனை, வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாற்பது முகங்களும் என்னையே பார்த்தபடி இருந்தனவேயன்றி ஒரு முகத்திலும் அச்சொற்களின் அறிமுகம் தோன்றவில்லை.

அதே வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய தாயார் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவர். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டதுதான் தாமதம், குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, அடிப்பெட்டி, மேல்பெட்டி, லேபிள் ஒட்டுவது என்று அவள் ஒரு தொழிற்சாலையையே மடமடவென்று என் முன்னே நிறுத்திவிட்டாள். ஆதலால் அந்தப் பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி குறைவு என்றோ, தாய்மொழியில் சிரத்தை இல்லை என்றோ நான் குறைகூறத் துணியவில்லை. எந்தத் தொழில் அவர்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறதோ அந்தத் தொழிலின் சொற்கள் அவர்கள் நாவில் உயிரோடு இருக்கின்றன; எந்தத் தொழில் ஊரைவிட்டுப் போயிற்றோ அதன் சொற்களும் அதனுடனேயே மாட்டுவண்டி ஏறிப் போய்விட்டன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். ஒரு பிரதேசத்தின் பேச்சையும் வரலாற்றையும் மரபுகளையும் காக்க விரும்புகிறவர்கள் சொற்களைத் தனியே பொறுக்கிச் சேர்த்தால் போதாது. அச்சொற்களை ஈன்ற வேலையை, அவ்வேலையைச் செய்தவர்களின் வாயாலேயே சொல்லக் கேட்டு, சொல்லும் செயலும் பிரியாதபடி பதிந்து வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கமலையையே சற்று விரித்துச் சொல்லுகிறேன். இந்த மண்டபத்தில் இருக்கும் இளைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிணற்றின் விளிம்பில் நட்ட இரு தூண்களுக்கிடையே உருளை சுழலும். அதன்மேல் ஓடும் பருத்த கயிற்றுக்கு வடம் என்று பெயர். வடத்தின் ஒரு முனை காளைகளின் நுகத்தடியிலும் மறுமுனை கூனையிலும் கட்டியிருக்கும். கூனை என்பது இரும்புத் தகட்டால் ஆன பெரிய பாத்திரம். அதன் அடியில் தோலால் தைத்த நீண்ட குழாய் ஒன்று தொங்கும். அதற்கு வால் என்று பெயர். வாலின் நுனியில் கட்டிய மெல்லிய கயிறு வால்கயிறு. காளைகள் சரிவான பாதையில் இறங்கும்போது கூனை நீரோடு மேலே வரும். வரும் வழியெல்லாம் வால்கயிறு தோல்வாலை மடக்கி மேலே தூக்கிப் பிடித்திருப்பதனால் நீர் சிந்தாது. விளிம்புக்கு வந்தவுடன் வால் தொட்டியில் தானே விழுந்து நீரைக் கொட்டிவிடும். பிறகு காளைகள் பின்னோக்கி ஏறவேண்டும். அந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் காளையை அதட்டவும் கொஞ்சவும் ஓட்டுகிறவனுக்கு ஓசைகள் உண்டு. இத்தனை கூனை இறைத்தாயிற்று என்று எண்ணுவதற்கு அவனுக்குப் பாட்டு உண்டு. விடியுமுன் எழுந்து, இருட்டில், கயிற்றின் அழுத்தத்தைக் கொண்டே கூனை நிரம்பிவிட்டதா என்று அறிந்த மனிதர்கள் அவர்கள். மின்சார மோட்டார் வந்தபோது ஊரார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மாட்டின் கழுத்துக்கும் மனிதனின் முதுகுக்கும் ஓய்வு கிடைத்தது. ஆனால் அந்த ஒரு பொத்தானை அமுக்கிய நாளில் முப்பது நாற்பது சொற்களும் ஒரு பாட்டு வகையும் ஓர் எண்ணுமுறையும் அவசியமற்றவையாகிப் போயின என்பதை அன்று எவரும் கவனிக்கவில்லை.

இப்படிச் சொல்லை இழப்பது கரிசல் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ, இந்தியாவில் அழியும் அபாயத்தில் உள்ளவையாக 197 மொழிகளைக் கணக்கிட்டிருக்கிறது. நம்முடைய நீலகிரியின் தோடா மொழியும் கோத்தர் மொழியும் அவற்றுள் மிகக் கடுமையான நிலையில் இருப்பவை. அந்தமானில் ‘போ’ என்னும் மொழியை அறிந்த கடைசி மூதாட்டி 2010ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலமானார். நாடு முழுவதும் குடியரசு தினம் கொண்டாடிய அன்று ஒரு பாஷை முழுதாக மௌனமாயிற்று.

வட அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் வாழும் அபெனாக்கி என்னும் பழங்குடி மக்களின் கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும். ஏனெனில் அதில் நம் ஊர்க்கதையின் சாயல் ஒன்று ஒளிந்திருக்கிறது. செபாஸ்தியன் ரால் என்னும் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1691ஆம் ஆண்டில் அம்மக்களிடையே இருந்துகொண்டு அவர்கள் மொழிக்கு ஓர் அகராதியைத் தொகுக்கத் தொடங்கினார். முப்பதாண்டு கழித்து, 1722இல், ஆங்கிலக் குடியேற்றத்தாரின் படை அவருடைய இருப்பிடத்தைச் சூறையாடியபோது அந்தக் கையெழுத்துப் பிரதியையும் பெட்டியோடு கைப்பற்றிக்கொண்டு போயிற்று. இரண்டாண்டில் அவரும் கொல்லப்பட்டார். அந்தப் பிரதி ஹார்வர்டு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து 1833இல்தான் அச்சேறியது. ஏறக்குறைய அதே காலத்தில், அதே சபையைச் சேர்ந்த இத்தாலியப் பாதிரியார் ஒருவர், நமக்கு மிக அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் இருந்து பணி செய்துகொண்டிருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கிதான் அவர். 1732இல் சதுரகராதியை நமக்குத் தந்தவர் என்று அவரைப் புகழ்கிறோம். ஆனால் அதற்கு முன்பே, 1728இல், ஜனங்கள் பேசுகிற தமிழுக்கென்றே லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதி முடித்து, அதைக் கொடுந்தமிழ் இலக்கணம் என்றார் என்பதை நாம் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. பேச்சுத் தமிழும் இலக்கணம் பெறத் தகுந்ததே என்று ஒரு பெரும்புலவர் கருதி முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவருடைய காதில் தமிழ் முதன்முதலாக விழுந்த இடங்களுள் இந்தக் கரிசல் காடும் ஒன்று என்று எண்ணும்போது எனக்கு உள்ளம் நிறைகிறது.

அபெனாக்கி மக்களின் கதைக்குத் திரும்புகிறேன். பாதிரியார்களின் அகராதிகள் மதம் பரப்பும் பொருட்டு எழுந்தவை. அவற்றின் ஆசிரியர்கள் வெளியார். 1884இல் நிலைமை மாறியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஓடனாக் என்று அவர்களுக்கு ஓர் ஊர் உண்டு; அச்சொல்லுக்கே ‘ஊரில்’ என்றுதான் பொருள். அவ்வூரின் தலைவராக இருந்த ஜோசப் லாரண்ட் என்பவர், தம் இனத்துப் பிள்ளைகள் படிப்பதற்கென்று, அபெனாக்கிச் சொற்களும் அன்றாடச் சம்பாஷணைகளும் அடங்கிய ஒரு புத்தகத்தைத் தாமே எழுதி அச்சிட்டார். அவருடைய மகன் ஸ்டீபன் லாரண்ட், ஓபெரி என்னும் மற்றொரு பாதிரியார் 1715இல் எழுதிவைத்த பிரெஞ்சு–அபெனாக்கி அகராதியை, ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆங்கிலத்தில் பெயர்த்து 1995இல் வெளிவரச் செய்தார். வெளியார் பெட்டியில் பூட்டிவைத்த சொற்களை, 280 ஆண்டுகளுக்குப் பின், அச்சொற்களுக்கு உரிமையுடையவன் ஒருவன் திறந்து எடுத்துக்கொண்டான் என்பதாகவே இதை நான் காண்கிறேன். ஆயினும் அதற்குள் அம்மொழியைத் தாயின் மடியில் கற்றவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்னும் நிலை வந்துவிட்டது. அகராதி மிஞ்சியது, பேசுகிறவர் மிஞ்சவில்லை. இன்று அங்கே இளைஞர்கள் அந்த அகராதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் பாட்டன்மார் மூச்சுவிடுவதுபோல் பேசிய மொழியை, வகுப்பறையில் உட்கார்ந்து அன்னிய மொழிபோல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிரயாசையை நான் வணங்குகிறேன். தமிழ் கோடிக்கணக்கானோர் பேசும் பெருமொழி. அதற்கு இந்தக் கதி வராது என்று நாம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் தமிழ் என்பது ஒரே நீர்நிலை அன்று. பல கண்மாய்களின் தொடர். மறுகால் பாய்ந்து ஒன்றுக்கொன்று நீர் கொடுத்துக்கொண்டிருக்கும் அக்கண்மாய்களுள் ஒன்று வற்றினாலும் கடைசியில் வறட்சி எல்லாவற்றுக்கும்தான்.

நம்முடைய கண்மாயைத் தூர்வாரியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே, கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் ஒரே தெருவில் வளர்த்த இடைசெவல் என்னும் அந்த ஊரின் பெயரைத் தமிழ் படிக்கும் உலகம் முழுவதும் அறியும். அவ்விருவருள், பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டுக் கலப்பையைப் பிடித்த சம்சாரியான கி.ரா., 1982ஆம் ஆண்டில் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கிடையே, இது திருநெல்வேலிச் சீமை வழக்கு என்ற குறிப்போடு நம் சொற்கள் சில இடம்பெற்றிருந்தன. விருந்து வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஏழைச் சுற்றத்தார்போல் அவை இருந்தன என்றே எனக்குத் தோன்றும். கி.ரா.வின் அகராதியில்தான் அவை கூடத்துக்கு வந்தன. ஒரு வட்டாரத்தின் பேச்சுக்கென்று அந்த வட்டாரத்தவர் ஒருவரே அகராதி செய்யலாம் என்ற துணிவை அவரிடமிருந்து பெற்றுத்தான், பின்னர் கொங்குநாட்டுக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் நாஞ்சில் நாட்டுக்கு அ.கா. பெருமாளும் அகராதிகள் செய்தார்கள்.

அக்காலத்தில் அது எத்தனை பெரிய துணிவு என்பதை இன்றைய மாணவர்கள் உணர்வது கடினம். நான் எட்டாம் வகுப்புப் படிக்கையில், ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் களத்தை ஒட்டி மூன்று படப்புகள் இருந்தன என்று எழுதினேன். ஆசிரியர் ‘படப்பு’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, வைக்கோற்போர் என்று திருத்தி, கொச்சை என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். எங்கள் படப்பில் வைக்கோலே கிடையாது. நெல் விளையாத காட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? அது சோளத்தட்டைப் படப்பு. திருத்தம் பெற்றதனால் என் கட்டுரை செந்தமிழாயிற்று, ஆனால் பொய்யாயிற்று. அந்த ஆசிரியர்மேல் எனக்கு வருத்தம் இல்லை; அவர் காலத்துக் கல்வி அப்படி. ஆனால் அன்று முதல், வீட்டில் பேசுவது ஒன்று, எழுதத் தகுந்தது வேறொன்று என்ற வெட்கம் என்னுள் குடிபுகுந்து, அதைக் களைவதற்கு எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வெளிவந்து அதை நான் வாசித்த இரவில்தான் அந்த வெட்கம் நீங்கியது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கி.ரா.வின் சொல்லகராதியைக் காட்டிலும் அவருடைய கதைகளே நம் சொற்களைச் செம்மையாகக் காத்தன என்பது என் தீர்ந்த முடிவு. அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும். ‘கிடை’ என்ற குறுநாவலோ, ஆட்டு மந்தையை இரவில் புஞ்சையில் அமர்த்தி உரமேற்றும் அந்த வாழ்வையே, அதன் கீதாரிகளோடும் சண்டைகளோடும் நியாயங்களோடும் கண்முன் நிறுத்தும். குலுக்கை என்றால் தானியம் சேர்த்துவைக்கும் மண்கூடு என்று அகராதி சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டுக் குலுக்கைக்குள் ஆறு வயதில் என்னை இறக்கிவிட்டு, அடியில் கிடக்கும் கம்மம்புல்லை வழித்து மேலே கொடுக்கச் சொன்ன என் ஆச்சி, வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்ததும், அந்தக் குரல் மண்சுவரில் மோதி ஆழத்தில் வேறொரு குரலாய் ஒலித்ததும், வெளியே வந்தபோது உடம்பெல்லாம் சுணை அரித்ததும் எந்த அகராதியிலும் இடம்பெற முடியாது. அந்தக் குலுக்கையின் அடிமட்டம் தெரியத் தொடங்கினால் வீட்டில் பேச்சு குறையும். மழை எப்போது என்பதே பேச்சாகும். ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் பயமும் ஆறுதலும் இருந்தன.

நம்முடைய எழுத்தாளர்கள் இதை உள்ளபடி உணர்ந்தார்கள். சோ. தர்மனின் ‘சூல்’ நாவல், ஒரு கண்மாயையும் அதன் மடைகளையும் அதைக் காத்து நீர் பாய்ச்சியவர்களையும் சொல்லிச் செல்லும்போது, பொதுப்பணித்துறையின் கோப்புகளில் இல்லாத ஒரு நீர் நிர்வாகச் சாஸ்திரமே அதில் வெளிப்படுகிறது. 2019இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கோவில்பட்டிக்கருகிலுள்ள ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி, ‘பிறகு’ என்ற நாவலை 1979இல் எழுதினார். அதன் நாயகன் அழகிரி தோல்வேலை செய்பவன், அருந்ததியன். இந்த நாவலைப் படித்துவிட்டுத்தான் என் சொந்தக் குறிப்பேடுகளில் இருந்த ஒரு பெரிய குறையை நான் கண்டுகொண்டேன். கமலையைப் பற்றி நான் இருபது பக்கம் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் கமலை ஓட்டியவர்களிடமும் கிணற்றுக்கு உடையவர்களிடமும் கேட்டவை. அந்தத் தோல்வாலைத் தைத்தவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோலைப் பதப்படுத்துவதற்கும், அறுப்பதற்கும், நீர் கசியாமல் தைப்பதற்கும், காய்ந்து விறைத்ததை இளக்குவதற்கும் அவருக்கு எத்தனை சொற்கள் இருந்திருக்கும்! தெருவின் அந்தக் கோடிக்கு என் கால்கள் அன்று நடக்கவில்லை. இன்று நடந்துபோனாலும் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சொல் சேகரிப்பவனுக்கு முதலில் வேண்டியது இலக்கண அறிவன்று. ஊரின் எல்லாத் தெருக்களுக்குள்ளும் நுழைந்து, சமமாக உட்கார்ந்து கேட்கும் மனம். நிலத்தை உடையவனின் சொல் எளிதில் ஏட்டில் ஏறுகிறது. நிலத்தில் உழைத்தவனின் சொல்லை, அவன் பிள்ளைகளே எழுத வந்த பிறகுதான் நாம் அறியத் தொடங்கினோம். அதனினும் பின்தங்கிக் கிடப்பது பெண்களின் சொல். களையெடுப்பிலும் பருத்தி எடுப்பிலும் பாதி உலகம் அவர்களுடையதாக இருந்தும், நம் குறிப்புகளில் பேசுவோர் பெரும்பாலும் ஆண்களே.

மற்றொன்றும் உண்டு. கரிசல் காட்டில் தமிழ் மட்டுமே பேசப்படவில்லை. கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார், அருந்ததியர் எனப் பல சமூகத்தார் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். கி.ரா.வின் தாய்மொழியே தெலுங்குதான். கோபல்ல கிராமத்தில் மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டி சொல்லும் இடப்பெயர்ச்சிக் கதை, தெலுங்குச் சீமையிலிருந்து காடு திருத்த வந்த முன்னோரைப் பற்றி வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்ததன் இலக்கிய வடிவம். இந்த வீட்டுத் தெலுங்குக்கு இங்கே பள்ளிக்கூடமில்லை. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் எழுத்தை அறியார். தாயின் வாயிலிருந்து பிள்ளையின் காதுக்கு என்ற ஒரே பாலத்தின்மேல் அது இத்தனை காலம் நடந்து வந்திருக்கிறது. அபெனாக்கி மக்களின் நிலைக்கு நம் மண்ணில் நெருங்கிய உவமை வேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும். விளாத்திகுளம் பக்கத்தில் ஜமீன் கோடங்கிபட்டியில் ராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேவதுந்துபி முழங்க, தலைப்பாகையும் கையில் துணியுமாக, ஒரே அடவில் வரிசை வரிசையாக அவர்கள் ஆடும்போது பாட்டு என்பது இல்லை. தோற்கருவியின் சொல்கட்டையே கால் மொழிபெயர்க்கிறது. அரங்குகளில் அதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் கல்யாணத்திலும் சாவிலும் கோயில் சடங்கிலும் அது எந்த நிமித்தத்தில் எப்படி ஆடப்பட்டது, எந்த அடவுக்கு அவர்கள் வீட்டுத் தெலுங்கில் என்ன பெயர் என்பதை மேடை நமக்குச் சொல்லாது. தமிழின்மேல் உள்ள பற்றினால் அந்தத் தெலுங்கை நாம் அலட்சியம் செய்வோமானால், அது தமிழுக்கே செய்யும் தீங்கு. நம் கரிசல் தமிழின் எத்தனையோ சொற்களும் தொனிகளும் அந்த முற்றத்தில் விளையாடி வளர்ந்தவை.

வரலாற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதையும், பின்னர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்து நிரவப்பட்டதையும் எழுத்தில் குறித்தவர்கள் வென்றவர்கள். தோற்றவர்களின் தரப்பைக் கதைப்பாடலாகவும் வில்லுப்பாட்டாகவும் வைத்துக் காத்தது, எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களின் தொண்டை. பேராசிரியர் நா. வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அவருடைய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுதிக்கு ஊர் ஊராய் அலைந்து பாட்டுச் சேகரித்துக் கொடுத்தவர்களுள் நம் பகுதியைச் சேர்ந்த எஸ்.எஸ். போத்தையாவும் ஒருவர். கருவி ஏதும் கையிலில்லாத நாளில், பாடுகிறவரை நிறுத்தி நிறுத்தி எழுதியவர்கள் அவர்கள். இவர்கள் பெயரால் ஒரு தெருவாவது நம் ஊர்களில் இருக்கவேண்டும்.

ஒப்பாரியையும் வரலாறு என்றே நான் கொள்கிறேன். இறந்தவர் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், வெட்டிய கிணறு, விற்ற புஞ்சை, பஞ்சத்தில் பிழைக்கப்போன இடம், கொடுமை செய்த பங்காளி என்று ஒரு குடும்பத்தின் ஆவணக்காப்பகமே அதில் திறந்து கிடக்கும். இப்போது துக்க வீடுகளில் ஒலிப்பெருக்கியில் யாரோ பாடிய ஒப்பாரி ஒலிக்கிறது. அதில் எந்த ஊரின் பெயரும் இல்லை.

இந்தக் கோவில்பட்டி நகரில் 1901ஆம் ஆண்டு முதல் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்துவருகிறது. கருங்கண்ணிப் பருத்தியையும் மானாவாரிச் சோளத்தையும் ஆராய்ந்து தேர்ந்த ரகங்களை அது நாட்டுக்குத் தந்தது. அங்கே பணிபுரிந்த அன்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: விதையைப் பத்திரமாகப் பூட்டிவைப்பதனால் மட்டும் அது பிழைத்திராது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்து மண்ணில் விதைத்து, புதுவிதை எடுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும் என்று. சொல்லும் அந்த விதையைப் போன்றதே. கி.ரா.வுக்கு இந்நகரில் நினைவரங்கம் எழுந்து 2022இல் திறக்கப்பட்டதை நாமெல்லாம் கொண்டாடினோம். அந்த அரங்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவது அவசியம். ஆயினும், சொற்களைப் புழங்காமல் கண்ணாடிப் பேழையில் வைத்துக் கும்பிடுவது அவருக்கு உகந்த காரியமாகாது. அவருடைய அகராதி முடிந்துபோன நூல் அன்று. அவருக்குப் பின் வந்த தொழில்களின் சொற்களும் அதில் சேரவேண்டும். அந்தச் சிறுமி சொன்ன தீப்பெட்டி ஆபீஸ் சொற்களும் கரிசல் சொற்களே; அவற்றில் பல, தாய்மார்களின் விரல் தேய்ந்து பிறந்தவை. இயந்திரம் வந்து கைவேலை குறைந்துவரும் இந்நாளில், கமலைக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேர வெகுகாலம் ஆகாது. முன்பு தவறவிட்டதைப் போல இதையும் தவறவிட்டால் நமக்கு மன்னிப்பில்லை.

ஆகவே இக்கல்லூரியின் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்களில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. போத்தையாவுக்கு வாய்க்காத வசதி அது. இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுபது வயது கடந்த ஒருவரிடம், குறிப்பாக ஒரு பெண்மணியிடம், அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பழைய சொற்கள் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் திகைத்து, எனக்கு என்னய்யா தெரியும் என்று சொல்லிவிடுவார்கள். விடிந்ததும் முதலில் என்ன வேலை செய்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள், அதற்கு எந்தச் சாமான் வேண்டும், அது பழுதானால் யாரிடம் கொண்டுபோனீர்கள் என்று கேளுங்கள். வேலையைச் சொல்லச் சொல்லச் சொற்கள் தாமே வரும். குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தெலுங்கிலேயே சொல்லட்டும். சொன்னவரின் சம்மதத்தைக் கேட்டு, அவர் பெயர், ஊர், செய்த தொழில், சொன்ன தேதி இவற்றைத் தவறாமல் எழுதி, ஒரு பிரதியை இக்கல்லூரி நூலகத்திலும் மற்றொன்றை அவர் வீட்டிலும் சேர்த்துவிடுங்கள். சாமான் ஏதும் மிச்சமிருந்தால் அதன் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அந்தப் பள்ளிக்கூடத்து ஊரில், கமலை ஓட்டிய ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கிறது. கூனை எண்ணும் அந்தப் பாட்டு அவருக்கு முழுமையாக ஞாபகம் இருக்கிறது என்று அவர் மருமகள் சொன்னார். தை பிறப்பதற்குள் உங்களில் இருவராவது என்னோடு வாருங்கள்.